எட்டு மடங்கு போதும்

அவளிடம், "அங்கே உட்கார்ந்திருப்பது என்ன பறவை?" என்று கேட்டால் பாதி நாள் கிடைக்கும் பதில், "தெரியல்ல" என்பதுதான். பத்து வருடமாகப் பறவை பார்க்கிறவள். படம் போட்ட புத்தகங்கள் இரண்டு மூன்று வைத்திருந்தாள். ஆனாலும் தூரத்துத் தென்னை மட்டையில் ஏதாவது நிழலாக உட்கார்ந்திருக்க, காலையில் நடக்க வருகிற நாங்கள் ஐந்தாறு பேர் பருந்து, வல்லூறு, ஆந்தை என்று ஆளுக்கொரு பெயர் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, அவள் மட்டும் பைனாகுலரை இறக்கிவிட்டு, "தெரியல்ல. வெளிச்சம் போதாது. நிழலுதான் காணுது" என்பாள். சண்டை அப்படியே அமுங்கிப் போகும். அவள்மேல் எரிச்சலாக வரும்.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால், "இல்லாத எதையாவது சேர்த்து எழுதுவ, எனக்கு உன்னைத் தெரியும்" என்று சொல்லியிருப்பாள். அது நியாயமான பயம்தான். நெய்யாற்றின்கரையில் கோர்ட்டுக்கு எதிரே சின்ன போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பதோடு, மனு அடித்துக் கொடுப்பதும் என் தொழில். வருகிறவர்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள். நான் அதைக் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவேன். பக்கத்து வீட்டுக்காரன் முறைத்தான் என்று சொன்னால், மிரட்டினான் என்று அடிப்பேன். அப்படி எழுதாவிட்டால் யாரும் படிக்கமாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

அவள் பாறசாலை சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். ஊரில் எல்லாருக்கும் அவள் லேப் சேச்சி, லேப் அக்கா. எனக்கு இரண்டே வயது மூத்தவள் என்பதால் எங்களுக்குள் நீ, நான்தான். இருவர் வீடும் ஒரே ஏலாக் கரையில். ஏலா என்று நாங்கள் சொல்வது, இரண்டு மேட்டுக்கு நடுவில் நீளமாகக் கிடக்கிற வயல்வெளியை. முன்பு மூன்று போகம் விளைந்த இடம். இப்போது பாதியில் வாழை, மீதியில் கோரைப்புல்லும் தண்ணீரும். எனக்குச் சர்க்கரை வந்தபோது டாக்டர் காலையில் நடக்கச் சொன்னார். துணைக்கு அவளோடு நடந்தேன். அவள் பத்தடிக்கு ஒருமுறை நின்றுவிடுவாள். நின்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று நானும் பார்க்கத் தொடங்கியதுதான் ஆரம்பம். சர்க்கரை இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் அவள் ஏலாவுக்கு வருவாள். விடிந்ததும் இறங்கி, ஏழரைக்குக் கரையேறி, நேரே சபைக்குப் போவாள். சேலைக்கரையில் ஒட்டிய சேறு அங்கே மின்விசிறிக் காற்றில் காய்ந்து உதிருமாம். போதகர் மனைவி ஒருமுறை அதைச் சாடையாகச் சொல்லிக் காட்டியதற்கு, "ஆமா, சேறாக்கும்" என்று மட்டும் பதில் சொன்னாள்.

நான் பறவை பார்ப்பதை அறிந்த என் வீட்டுக்காரர், போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு பைனாகுலர் வரவழைத்துத் தந்தார். இரண்டு சோடா பாட்டிலைச் சேர்த்துக் கட்டினது போல இருக்கும். முப்பது மடங்கு பெரிதாகக் காட்டும் என்று பெட்டியின்மேல் தங்க எழுத்தில் போட்டிருந்தது. மறுநாள் காலையில் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தேன். வாழைத்தோப்பின் ஓரத்தில் நின்ற கொக்கை வெகுநேரம் பார்த்தாள்.

"எட்டி, கொக்கு எதுக்கு இப்படித் துள்ளுது?"

"முப்பது மடங்காக்கும்" என்றேன் பெருமையாக.

"அப்ப கை நடுக்கமும் முப்பது மடங்காக்கும்" என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் மாடியிலிருந்து எதிர் வீட்டுக் கூரையை, தென்னங்குருத்தை, கேபிள் கம்பியில் இருந்த மைனாவை எல்லாம் பார்த்தேன். எல்லாம் துள்ளியது. வட்டத்தின் நடுவில் மட்டும் கொஞ்சம் தெளிவு. ஓரமெல்லாம் தண்ணீருக்குள் பார்ப்பது போலக் கலங்கல். ஒரு வாரம் வீம்புக்குக் கழுத்தில் போட்டுத் திரிந்தேன். எட்டாம் நாள் பிடரி வலி தாங்காமல், "செரி, உனக்குத் தெரிஞ்சதை நீயே எடுத்துத் தா" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சதை நான் எப்படித் தர? உனக்க கண்ணுக்குல்லா எடுக்கணும். நீயும் வா" என்றாள்.

ஒரு சனிக்கிழமை ரயிலேறித் திருவனந்தபுரம் போனோம். அவளிடம் இருந்ததோ, யாரோ கொடுத்த பழைய பைனாகுலர். ஒரு குழாயில் பூஞ்சை படர்ந்து புகைபோல் ஆகிவிட்டது. மற்றக் குழாயில் மட்டும் ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். லேபில் இருந்த பழைய மைக்ரோஸ்கோப்பும் ஒற்றைக்கண்தான். ஆனால் எதில் பார்த்தாலும் மற்றக் கண்ணை மூடமாட்டாள். "மூடினா பாக்கிய கண்ணும் களைச்சுப் போவும்" என்பாள். ரயிலில், "உனக்கும் ஒண்ணு வாங்கேன்" என்றேன். "எனக்கு இது பழகியாச்சு" என்று ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டாள்.

கடை மாடியில் இருந்தது. விற்பனைக்கு நின்ற ஆள், கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து பளபளப்பான நான்கைந்தை எடுத்து வைத்து, ஒவ்வொன்றும் எத்தனை மடங்கு என்று சொல்லத் தொடங்கினார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. எல்லாவற்றையும் வராந்தாவுக்குக் கொண்டு போகவேண்டும் என்றாள். அவருக்கு அது பிடிக்கவில்லை. கூடவே வந்து நின்றார்.

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். "கழத்தாதே" என்றாள். "ஏலாவில கழத்தி எங்க வைப்ப? சேத்திலயா?" கண் வைக்கிற இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தைத் திருகி உள்ளே இறக்கிவிட்டு, கண்ணாடியோடு பார்க்கச் சொன்னாள். "வட்டம் முழுசாக் காணுதா? ஓரத்துல கறுப்பு வருதா?" முதல் இரண்டில் வட்டம் முழுதாக வரவில்லை. அவற்றை ஒதுக்கினாள். அப்புறம் மின்கம்பியில் இருந்த காக்கையைப் பார்க்கச் சொன்னாள். காக்கையைச் சுற்றி ஊதாக் கோடு தெரிகிறதா என்று கேட்டாள். ஒன்றில் தெரிந்தது, அதுவும் போயிற்று. மாடிப்படிக்குக் கீழே இருட்டில் கிடந்த அட்டைப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னாள். கடைசியில் இரண்டு மிஞ்சின. இரண்டும் ஒரே கம்பெனி. ஒன்று எட்டு மடங்கு, ஒன்று பத்து.

"சேச்சீ, பத்து இருக்கும்போள் பின்னெ எந்தினா எட்டு?" என்றார் கடைக்காரர். பத்து இருக்கும்போது எட்டு எதற்கு என்று எனக்கும் அதே கேள்விதான்.

"ரெண்டையும் அஞ்சஞ்சு நிமிஷம் கையை இறக்காம பிடி" என்றாள் என்னிடம். பிடித்தேன். பத்து மடங்கில் மூன்றாவது நிமிடம் காக்கை ஆடத் தொடங்கியது. பறந்தபோது அதைத் தொடர முடியாமல் நான் வானத்தில் தேடிக்கொண்டிருந்தேன். எட்டு மடங்கில் அது சற்றுச் சின்னதாக, ஆனால் அசையாமல் இருந்தது. பறந்தபோதும் வட்டத்துக்குள்ளேயே பறந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"பத்துன்னா தூரத்துல உள்ளது பெருசாக் காணும்லா?"

"காணும். தேடிப் பிடிக்கியதுக்குள்ள அது போயிருக்கும். எட்டு மடங்கு போதும் மக்கா. மிச்சத்துக்கு நாம கொஞ்சம் கிட்ட நடந்து போவலாம்."

எட்டு மடங்கையே வாங்கினேன். பில் போட உள்ளே போனவர், போகிற வழியில் அதைத் தன் கண்ணில் வைத்து ஜன்னல் வழியே ஒருமுறை பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன்.

இப்படி எழுதும்போது அவள் ஏதோ எல்லாருக்கும் பிரியமானவள் என்று தோன்றும். அப்படி இல்லை. ஒருமுறை அவளை நான் வெறுத்தேன். என் வீட்டுக்காரருக்கு நான்கு நாள் காய்ச்சல். ரத்தம் கொடுத்துவிட்டு லேபின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே மெஷின் காகிதம் துப்புகிற சத்தம் கேட்டது. அவள் அதைப் பார்த்தாள். வெளியே வந்து தரவில்லை. எட்டிப் பார்த்துப் படித்துவிட்டேன். பிளேட்லெட் என்கிற ரத்தத்தட்டுகளின் எண்ணிக்கை அதலபாதாளத்தில் இருந்தது. அந்த மழைக்காலத்தில் டெங்கு என்ற சொல்லே எங்களுக்கெல்லாம் பேய்.

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போவணுமா?" என்றேன்.

"தெரியல்ல. இரு."

"என்ன தெரியல்ல? மெஷின் சொல்லுதே!"

"மெஷின் சொல்லுது. நான் இன்னும் காணல்ல."

ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, காய வைத்து, சாயம் ஊற்றி, கழுவி, மைக்ரோஸ்கோப்பின் முன் உட்கார்ந்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. லேப் முதலாளி வந்து, காத்திருக்கிற மற்றவர்கள் முன்னால் அவளைத் திட்டினார்: லேப் என்று போர்டு வைத்துவிட்டுத் தெரியாது என்று சொல்லலாமா என்று. அவள் திரும்பவில்லை. பிறகு எழுந்து வந்து வேறொரு குப்பியில் புதிதாக ரத்தம் எடுத்தாள். முக்கால் மணி நேரம் கழித்து வந்து, "தட்டெல்லாம் ஒண்ணோடொண்ணு ஒட்டிக் கட்டியாக் கெடந்துது. மெஷின் கட்டியை ஒண்ணுன்னு எண்ணிப்போட்டுது. குறைவு உண்டு, பயப்படுத அளவுக்கு இல்ல. டாக்டரைக் காணுங்க" என்றாள். நான் அழுதேன். அவள் என் தோளைத் தொடவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஏலாவின் பிரச்சினை அதற்கு அடுத்த வருடம் வந்தது. தென்கோடியில் உள்ள பெரிய துண்டுக்குச் சொந்தக்காரர் எங்கள் கரையிலேயே பெரிய வீடு கட்டிக் குடியிருந்தவர், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர். அங்கே மண் நிரப்பிக் கல்யாண மண்டபம் கட்ட அனுமதி கேட்டிருந்தார். பத்து வருடமாக அங்கே தண்ணீரே நிற்பதில்லை, அது இப்போது வயலே அல்ல, வெறும் கரைபூமி, காய்ந்த மேட்டுநிலம்தான் என்று மனுவில் எழுதியிருந்தது. எங்கள் கரையில் உள்ள வீடுகளின் கிணறுகளில் கோடையில் தண்ணீர் இருப்பதே அந்த ஏலாவால்தான். அதை மண்ணால் மூடினால் மார்ச் மாதமே பனச்சமூட்டிலிருந்து லாரித் தண்ணீர் வாங்கவேண்டி வரும்.

எதிர்ப்பு மனு எழுதுகிற வேலை இயல்பாகவே என்னிடம் வந்தது. கிணறு, தண்ணீர் என்றெல்லாம் எழுதி முடித்த பிறகும் அது போதாதென்று தோன்றியது. ஒரு விடியற்காலையில் கோரைக்குள் ஒரு பறவையை நான் பார்த்திருந்தேன். பழுப்பு உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளைப் பட்டை. இரண்டு மூன்று நொடி, மறைந்துவிட்டது. புத்தகத்தில் தேடினேன். மயிலுள்ளான் என்று தோன்றியது. எங்கள் பக்கம் யாரும் பார்த்ததாகச் சொல்லாத பறவை. 'அரிய மயிலுள்ளான்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இடம்' என்று அடித்துச் சேர்த்தேன். கரையில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் படித்துவிட்டுப் பேனாவை மேசையில் வைத்தாள்.

"கூடு கண்டியா?"

"இல்ல. ஆனா பறவையைக் கண்டேன்."

"எத்தனை?"

"ஒண்ணு."

"இதுல நிறைய இருக்குன்னுல்லா எழுதியிருக்க?"

"எழுதினாத்தானே அவனுவ ஏறெடுத்துப் பார்ப்பானுவ! ஒரு வரிக்காக ஏலாவை விட்டுக் குடுக்கியா?"

"இந்த வரியை எடு. இப்பவே போடுதேன்."

எடுக்கவில்லை. அவள் கையெழுத்து இல்லாமலே மனு போயிற்று. கரையில் சிலர், நிலத்துச் சொந்தக்காரர் அவளுக்கு ஏதோ கொடுத்துவிட்டார் என்றுகூடப் பேசினார்கள். நான் அதை மறுத்துப் பேசவில்லை. இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மூன்று வாரம் நானும் அவளும் பேசிக்கொள்ளவில்லை. காலையில் அவள் ஏலாவில் தெற்கே நடப்பாள். நான் எட்டு மடங்கைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வடக்கே நடப்பேன்.

விசாரணைக்கு வருவாய்த் துறை அதிகாரி நேரில் வந்தார். சொந்தக்காரர் ஒரு வக்கீலைக் கூட்டி வந்திருந்தார். கரை முழுதும் வரப்பில் நின்றது. அவளும் லேபிலிருந்து ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்து ஓரமாக நின்றாள். வக்கீல் மனுவைப் புரட்டி, நான் எதைப் பெருமையாக எழுதினேனோ அந்த வரியிலேயே விரலை வைத்தார்.

"மயிலுள்ளான் எழுதினது யாரு?"

"நான்."

"எவ்வளவு நேரம் கண்டீங்க?"

"ரெண்டு... மூணு நொடி."

"கூடு?"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். வக்கீல் சிரித்தார். அவள் கழுத்தில் பைனாகுலரைப் பார்த்ததும் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க கண்டதுண்டா?"

"இல்ல. நான் காணல்ல" என்றாள்.

பின்னால் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு அவளைத் திட்டினார்கள். அதிகாரி பேனாவை மூடப் போனார். அப்போது அவள், "சார், கண்டது வேற உண்டு. காட்டட்டா?" என்று பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். பள்ளிக்கூடக் கோடு போட்ட நோட்டு. வாரத்தில் இரண்டு நாள், மூன்று வருடம், எந்த மூலையில், எத்தனை மணிக்கு, மழையா வெயிலா, என்ன பறவை, எத்தனை. வக்கீல் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல பாதிக்குப் பாதி 'தெரியவில்லை'ன்னுல்லா எழுதியிருக்கு?" என்றார்.

"ஆமா. தெரியாததைத் தெரியல்லன்னுதான் எழுதணும்" என்றாள்.

அதிகாரி அந்த நோட்டைக் கேட்டு வாங்கினார். அவசரமில்லாமல் புரட்டினார். ஓரிடத்தில் நின்று சத்தமாகப் படித்தார். ஏப்ரல் மாதம், தெற்கு மூலை: முக்குளிப்பான் ஒன்று, முதுகில் இரண்டு குஞ்சு, நான்கு முறை முங்கி எழுந்தது.

"இது ரொம்ப அபூர்வமான பறவையா?"

"இல்ல சார். எல்லாக் குளத்திலயும் உண்டு."

"முங்கி எழும்பணும்னா எவ்வளவு தண்ணி வேணும்?"

"பறவைக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியல்ல. அண்ணைக்கு நான் எறங்கிப் பார்த்தேன். எனக்கு முட்டுக்கு மேல வந்துது. மூணு ஏப்ரலும் எழுதியிருக்கேன், பாருங்க."

அதிகாரி வக்கீலைப் பார்த்தார். பத்து வருடமாகத் தண்ணீர் நிற்காத கரைபூமியில், கடுங்கோடையில், முங்கு நீச்சல் அடிக்கிற பறவை குஞ்சு பொரித்திருக்கிறது. "அந்த மூலையைக் காட்டுங்க" என்று சொல்லி அதிகாரி அவள் பின்னால் நடந்தார். கோரையை விலக்கிக் கால் வைத்ததும் முழங்கால்வரை இறங்கிவிட்டார். காலை இழுத்தபோது செருப்பு வரவில்லை. நான்கு பேர் சேர்ந்து துழாவினோம். அகப்படவில்லை. ஒற்றைச் செருப்போடு ஜீப்பில் ஏறினார்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. நான் அதைக் கண்டேனான்னு" என்றேன்.

"கண்டிருப்ப. நீ காணல்லன்னு நான் சொல்லல்லியே. நான் காணல்லன்னுதானே சொன்னேன்" என்றாள். பிறகு, "மீன்குழம்பு உண்டு. இருந்து தின்னுட்டுப் போ" என்றாள்.

சில மாதம் கழித்து அனுமதி மறுக்கப்பட்டு உத்தரவு வந்தது. கரையில் உள்ள எல்லாருக்கும் நகல் எடுத்துக் கொடுத்தது என் கடையில்தான். அதில் தெற்கு மூலையின் தண்ணீர் இருந்தது, கிணறுகள் இருந்தன. மயிலுள்ளான் இல்லை.

இப்போது அவள் மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் பால்கனியிலிருந்து பார்த்த பறவைகளை எழுதி அனுப்புவாள். பாதி 'தெரியல்ல'. போனபோது புதிய பைனாகுலர் ஒன்று வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு கண்ணாலும் பார்ப்பது முதலில் தலைசுற்றியதாம். நானும் மனுக்களை இப்போது கொஞ்சம் குறைத்துத்தான் அடிக்கிறேன். "முறைத்தான்னு மட்டும் போட்டா போதுமா?" என்று கேட்கிறவர்களுக்கு, போதும் என்கிறேன். சிலர் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.

அவள் கிளம்புவதற்கு முந்தைய மாதம் நடந்தது ஒன்று உண்டு. உத்தரவு வந்ததிலிருந்து அந்தச் சொந்தக்காரர் எங்களைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்வார். ஒரு சனிக்கிழமை காலையில் நானும் அவளும் வரப்பில் நின்றபோது, அவருடைய மனைவி பின்வாசல் வழியாகத் தனியே இறங்கி வந்தார். அறுபது வயதிருக்கும். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து நான் ஒதுங்கினேன்.

"இது ஒண்ணுமில்லாத சேறுன்னு அவரு சொல்லுதாரு. நீங்க தினமும் வந்து என்னத்தை அப்படிப் பாக்கியீங்க? நானும் ஒருக்கா நோக்கட்டா?"

அவள் என் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி அந்த அம்மாவின் கையில் வைத்தாள். அவரும் கண்ணாடி போட்டவர். வளையத்தை இறக்கி, கண்ணுக்குக் கண் உள்ள தூரத்தைச் சரி செய்து, முப்பதடி தள்ளி வாழையடியில் நின்ற ஒன்றைக் காட்டினாள்.

"ஒண்ணும் காணல்ல" என்றார் அந்த அம்மா.

"செரி. இந்தச் சக்கரத்தைப் பைய திருப்புங்க."

திருப்பினார். மறுபடி கொஞ்சம் பின்னால் திருப்பினார். பிறகு, "அய்யோ, கண்ணு!" என்றார். "செக்கச்செவேல்னுல்லா இருக்கு! இது எங்க அடுக்களைக்குப் பின்னால தினமும் நடக்கிய செம்போத்தாக்கும். கலியாணம் முடிஞ்சு வந்த நாள் முதலா காணுதேன். இதுக்குக் கண்ணு செவப்புன்னு இண்ணைக்குத்தான் காணுதேன்."

செம்போத்து வாழைக்குள் போய், மறுபடி வெளியே வந்தது. அந்த அம்மா அதோடு மெல்லத் திரும்பினார். எனக்குக் கடை திறக்க நேரமாகிவிட்டிருந்தது. பைனாகுலரைத் திருப்பிக் கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.